ஷீட் போட்டாலும் கட்டடம்தான்

அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் அரை கிரவுண்டு வீடுகள் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும். வண்டி நிறுத்த விட்ட முன்பக்க இடத்தில் ஷட்டர் போட்ட கடை. பக்கவாட்டுச் சந்துக்கு மேலே தகரம். அதன் கீழே வாஷிங் மெஷின், காலி சிலிண்டர், பழைய சைக்கிள். மொட்டை மாடியில் ஷீட் கூரையோடு இரண்டு அறைகள், கம்பெனி வேலைக்கு வந்த பையன்களுக்கு வாடகைக்கு. அந்த வீட்டின் அனுமதி வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் இவற்றில் ஒன்றுகூட அதில் இருக்காது. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இதே நிலைதான்.

வீட்டுக்காரர்களைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அந்த மாடி அறை வாடகையில்தான் பல வீடுகளில் மருந்துச் செலவு ஓடுகிறது. வெல்டிங் பட்டறைக்காரர் வந்து அளவெடுப்பார், முன்பணம் வாங்குவார், சில நாளில் வேலையை முடித்துக் கொடுப்பார். "ஷீட்டுதானே சார், இதுக்கெல்லாம் எதுக்கு பிளான் அப்ரூவல்?" என்பார். அத்தோடு அனுமதிப் பேச்சு முடிந்துவிடும். பின்னால் நோட்டீஸ் வரும்போது அவர் இருக்கமாட்டார். பெயர் வீட்டுக்காரருடையதாக இருக்கும்.

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் அனுமதி கேட்பது கான்கிரீட் கட்டடத்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சட்டத்தில் 'வளர்ச்சி' என்பது மிக விரிவான பொருளில் வருகிறது. புதிதாகக் கட்டுவது, இருப்பதோடு சேர்த்துக் கட்டுவது, இருக்கும் இடத்தின் பயன்பாட்டை மாற்றுவது எல்லாமே அதில் அடங்கும். செங்கல்லே வைக்காமல் கார் ஷெட்டில் ஷட்டர் இறக்கி மளிகைக்கடை வைத்தாலும் அது பயன்பாட்டு மாற்றம். சுவர் பூசுவது, வெள்ளையடிப்பது, தரை மாற்றுவது போன்ற பராமரிப்பு வேலைகளுக்கு யாரிடமும் போய் நிற்கத் தேவையில்லை.

எந்த அளவுக்கு எதைக் கட்டலாம் என்பது 2019 பிப்ரவரி 4இல் வெளியான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இருக்கிறது. வீட்டைச் சுற்றி விட வேண்டிய காலியிடத்தை எல்லோரும் 'செட்பேக்' என்றே சொல்கிறோம். முன்பக்கம் விட வேண்டியது தெருவின் அகலத்தைப் பொறுத்தது. குறுகிய தெருவில் ஒன்றரை மீட்டர் போதும், சாலை 30.5 மீட்டரைத் தாண்டினால் 6 மீட்டர். பக்கவாட்டில் விடுவது மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்து மாறும்.

இந்தக் காலியிடத்தில் எதுவுமே வரக்கூடாது என்பதில்லை. வெயில் மறைப்பு, கேட் தூண், காம்பவுண்டு சுவர் ஆகியவற்றுக்கு விதியில் இடம் உண்டு. சுவரிலிருந்து 60 சென்டிமீட்டருக்கு மேல் நீளாத மீட்டர் பெட்டி வரலாம். கேட் அருகே காவலாளி அறைகூட வைக்கலாம். நீள அகலம் இரண்டரை மீட்டர், உயரம் 3 மீட்டர் தாண்டக்கூடாது. கடை, சமையலறை, வாடகை அறை ஆகியவை இந்த வரிசையில் வருவதில்லை.

மாடி அறையில் சிக்கல் வேறு. சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது 1,200 சதுர அடி மனையில் எல்லாத் தளங்களும் சேர்ந்து 2,400 சதுர அடி வரை போகலாம். தளத்துக்கு 800 வீதம் மூன்று தளம் ஏற்கெனவே கட்டியிருந்தால் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. அதற்கு மேல் மொட்டை மாடியில் நான்கு பக்கமும் அடைத்து, கதவு வைத்து, ஆளைக் குடிவைத்தால் கூரை தகரமாக இருந்தாலும் அது இன்னொரு தளம்தான்.

மனை எந்த மண்டலத்தில் இருக்கிறது என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் ஒவ்வொரு சர்வே எண்ணையும் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று பிரித்து வைத்திருக்கிறது. எஸ்டேட்டை ஒட்டிய தெருவில் இருக்கிறோம் என்பதாலேயே வீட்டின் பின்னால் லேத் பட்டறை போட்டுவிட முடியாது. தெருவுக்கு எதிர்ப்பக்கம் தொழில் மண்டலமாக இருக்கலாம், உங்கள் பக்கம் முதன்மைக் குடியிருப்பாக இருக்கலாம். அம்பத்தூர், ஆவடியை ஒட்டிய சில கிராமங்கள் செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் வருவதால் அங்கே கட்டுப்பாடு இன்னும் கடுமை. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) இணையதளத்தில் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் கொடுத்தால் மண்டலம் தெரிந்துவிடும்.

காலியிட விதியை வெறும் அலுவலகச் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் கும்பகோணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 2004 ஜூலை 16. அங்கே ஒரு பள்ளியின் சமையல் கொட்டகையில் பற்றிய தீ, கீற்றுக் கூரை போட்ட வகுப்பறைக்குத் தாவியது. 94 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. வீடுகளின் பக்கம் அந்த அக்கறை வரவில்லை. பக்கச் சந்தில் சமையலறை, தலைக்கு மேல் பிளாஸ்டிக் ஷீட், மாடிக்கு ஒரே இரும்புப் படி, அதுவும் அந்தச் சந்தின் வழியாகவே ஏறும் வீடுகள் நம் தெருக்களில் இருக்கின்றன. கீழே பற்றினால் மேலே இருக்கும் பையன்கள் எந்த வழியாக இறங்குவார்கள்?

மின்கம்பி இன்னொரு எமன். வீட்டுக்கு வரும் தாழ்வழுத்தக் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டரும், மேலே கம்பி போனால் கூரையின் உச்சியிலிருந்து இரண்டரை மீட்டரும் இடைவெளி வேண்டும். வீடு கட்டியபோது இருந்த இந்த இடைவெளியை ஷீட் கூரையின் இரும்புக் குழாய் தின்றுவிடுகிறது. ஷீட்டைத் தூக்கி வைக்கும் தொழிலாளிக்குத்தான் முதல் ஆபத்து. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் வீசியபோது நகரெங்கும் தகரங்கள் பறந்தன. பறந்து போய் அடுத்த வீட்டில் ஒருவர் மேல் விழுந்தால் இழப்பீட்டு வழக்கில் பதில் சொல்ல வேண்டியவர் ஷீட்டின் உரிமையாளர்.

தண்ணீரையும் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் எஸ்டேட்டும் கொரட்டூரும் எப்படி மூழ்கின என்பதை அங்கிருப்பவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதற்குப் பெரிய காரணங்கள் பல உண்டு, எல்லாவற்றையும் வீட்டுக்காரர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழி பல வீடுகளில் இந்தக் காலியிடத்தில்தான் இருக்கிறது. அதன்மேல் சிமெண்ட் தளம் போட்டுக் கொட்டகை வைத்தால் மாடித் தண்ணீர் முழுவதும் தெருவுக்கு வருகிறது. செப்டிக் டேங்க் மூடியும் கொட்டகைக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். லாரிக்காரர் குழாயைச் சமையலறை வழியாக இழுத்துப் போகும் வீடுகள் உண்டு.

பணத்திலும் அடி விழும். வீட்டு இணைப்பிலேயே கடைக்கு மின்சாரம் எடுத்தால் அது 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அங்கீகாரமற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு போடுவார்கள்; எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். சொத்துவரியில் அந்த அறையையும் சேர்த்துக் கட்டுகிறோமே என்பது பலருடைய தைரியம். வரி ரசீது வரி கட்டியதற்கு அத்தாட்சி, கட்டட அனுமதி ஆகாது. வீட்டை விற்கப் போகும்போது வங்கியின் மதிப்பீட்டாளர் வரைபடத்தை வைத்து ஒப்பிடுவார். வாங்குபவரின் கடன் அங்கே நிற்கும்.

நோட்டீஸ் வந்துவிட்டால் என்ன செய்வது? நோட்டீஸைப் பார்த்துப் பயந்து இடைத்தரகரைத் தேடி ஓடுவதும், வாங்காமல் திருப்பி அனுப்புவதும்தான் வழக்கமாக நடக்கிறது. இரண்டுமே தவறு. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவு நோட்டீஸ் அனுமதியில்லாமல் கட்டியதை அகற்றச் சொல்வது. 57 நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தச் சொல்வது. 56இன்கீழ் வந்த நோட்டீஸுக்கு, அதில் தந்த கெடுவுக்குள் 49ஆம் பிரிவின்படி 'இருப்பதை வைத்துக்கொள்ள அனுமதி தாருங்கள்' என்று விண்ணப்பிக்கச் சட்டமே வழி விட்டிருக்கிறது. விதிக்குள் அடங்கக்கூடிய பகுதியை இப்படிக் காப்பாற்றலாம். அடங்காத பகுதியை நாமே பிரித்து எடுத்துவிட்டுப் புகைப்படத்தோடு பதில் கொடுத்தால் மற்ற பகுதி தப்பிக்கும். உத்தரவு தவறு என்று பட்டால் 80-ஏ பிரிவின்கீழ் அரசின் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறையிடம் முறையிடலாம். எல்லாவற்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.

இடிப்பதிலும் முறை உண்டு. 2024 நவம்பர் 13இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, காரணம் கேட்கும் நோட்டீஸைப் பதிவுத் தபாலில் அனுப்பிக் கட்டடத்திலும் ஒட்ட வேண்டும். பதில் சொல்ல 15 நாள் தர வேண்டும். நேரில் விசாரிக்க வேண்டும். இறுதி உத்தரவுக்குப் பிறகும் 15 நாள் பொறுக்க வேண்டும். சாலை, நடைபாதை, நீர்நிலை ஆக்கிரமிப்புக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஏரிக்கரையிலோ வாய்க்கால் மேலோ ஷெட் போட்டவர் இந்தத் தீர்ப்பைக் காட்டித் தப்ப முடியாது.

"எத்தனையோ வருஷமாச்சு, யாரும் கேக்கலை" என்பதும் இனி நிற்காது. அதே ஆண்டு டிசம்பர் 17இல், மீரட் வழக்கொன்றில், காலம் கடந்தது, பணம் போட்டது, அதிகாரிகள் சும்மா இருந்தது ஆகிய எதுவும் விதிமீறலைச் சரியாக்கிவிடாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வரன்முறைத் திட்டம் மறுபடி வரும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. வரன்முறைக்கு வழி தந்த நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஏ பிரிவை 2000இல் உச்ச நீதிமன்றம் ஏற்றபோதே அது ஒரு தடவைச் சலுகை என்பதை வைத்துத்தான் ஏற்றது. பிறகு வந்த 113-சி, 2007 ஜூலை 1க்கு முன் கட்டியவற்றுக்கு. நேற்றுப் போட்ட ஷீட்டுக்கு அதில் இடமில்லை.

இப்போது புதிதாகக் கட்டப் போகிறவர்களுக்கு வழி முன்பைவிட எளிது. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல்தளமுமாகக் கட்டும் வீட்டுக்கு இணையவழியில் உடனே அனுமதி கிடைக்கிறது. எனவே பின்னால் வேண்டியிருக்கும் என்று தெரிந்த கார் ஷெட்டையும் மாடி அறையையும் முதல் வரைபடத்திலேயே பொறியாளரிடம் சொல்லிச் சேர்த்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். அங்கீகாரமில்லாத மனைப்பிரிவில் வாங்கியவர்கள் மட்டும் முதலில் மனையை வரன்முறைப்படுத்தியாக வேண்டும். அது இல்லாமல் கட்டட அனுமதிப் பேச்சுக்கே இடமில்லை.

பக்கத்து வீட்டுக்காரரின் ஷீட்டால் உங்கள் வீட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் போகிறதா? தெருச் சண்டைக்கு முன் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, அந்த முகவரிக்குக் கொடுத்த அனுமதி வரைபட நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதை வைத்து அம்பத்தூர் என்றால் சென்னை மாநகராட்சியின் 7ஆவது மண்டலத்தில், ஆவடி என்றால் ஆவடி மாநகராட்சியில், பூந்தமல்லி என்றால் நகராட்சியில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். இருபது ஆண்டு தடையின்றி அனுபவித்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. அதைக் கேட்க வேண்டிய இடம் உரிமையியல் நீதிமன்றம்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒன்று. கீழ்த்தள வாகன நிறுத்தத்தைக் கம்பியால் அடைத்துக் கடையாகவோ கிடங்காகவோ மாற்றுவது ஒரு வீட்டுக்காரரின் விருப்பத்தில் இல்லை. தூண்களுக்கு இடையே உள்ள வாகன நிறுத்தம் பொதுப் பகுதி, கட்டியவர் அதைத் தனியே விற்க முடியாது என்று 2010இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்த விஷயத்தில் யாருமே எண்ணிப் பார்க்காத ஆள் வாடகைதாரர். சீல் வைத்தால் வீட்டுக்காரர் ஒரு அறையை இழப்பார். கடைக்காரர் அட்வான்ஸ், சரக்கு, வாடிக்கை மூன்றையும் இழப்பார். முன்பக்கக் கடையையோ மாடி அறையையோ எடுக்குமுன் அனுமதி வரைபடத்தில் அந்த இடம் என்னவென்று காட்டப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள், மின் இணைப்பு எந்தக் கட்டண வகை என்று அட்டையைப் பாருங்கள். 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள். கட்டட விதிமீறலால் இடத்தைக் காலி செய்ய நேர்ந்தால் அட்வான்ஸ் முழுவதையும் வீட்டுக்காரர் திருப்பித் தர வேண்டும் என்ற ஒரு வரியை அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.