எல்லாம் ஆடுது, எதுவும் போகல

டீச்சரா இருக்கிற தோழி ஒருத்திக்காக, தண்ணீரில் விழுந்த மைத்துளி பரவுவதைக் காட்டும் சின்ன அனிமேஷன் ஒன்று செய்தேன். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 200 புள்ளிகளை நடுவில் குவித்து, ஒவ்வொன்றின் பொசிஷனிலும் விகிள்(2, 50) என்று எழுதினேன். பத்து நிமிஷ வேலை. பார்க்கவும் அழகாத்தான் இருந்தது.

வகுப்பில் ஒரு பையன் கேட்டானாம்: "மிஸ், எல்லாம் ஆடுது, ஆனா எதுவும் எங்கேயும் போகலையே?"

அவன் சொன்னது சரி. விகிள்(2, 50) என்றால், நொடிக்குச் சுமார் 2 தடவை, முதலில் வைத்த இடத்திலிருந்து சுமார் 50 பிக்ஸலுக்குள் அசை என்று அர்த்தம். ஒரு மணி நேரம் ஓடவிட்டாலும் புள்ளி அதே வட்டாரத்தில்தான் சுற்றும், முளையில் கட்டின கன்றுக்குட்டி மாதிரி. மின்மினிக்கும் விளக்குச் சுடருக்கும் அது போதும். மைக்குப் போதாது.

1827-ல் ராபர்ட் பிரவுன் மைக்ராஸ்கோப்பில் பார்த்த துகள்களுக்கு முளை கிடையாது. நீர் மூலக்கூறுகள் இடிப்பதால்தான் அவை அப்படி அலைகின்றன என்பதை 1905-ல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டு விளக்கினார். ஒவ்வொரு இடியும், முந்தைய இடி கொண்டுபோய் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது. அதனால் கூட்டம் மெல்ல விரியும். ஆனா 4 மடங்கு நேரத்துக்கு 2 மடங்கு தூரம்தான். (நிஜ டம்ளரில் மை வேகமாகப் பரவுவது பெரும்பாலும் நீரோட்டத்தால். அது வேற கதை.)

சரி, இடிகளைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்றால், எக்ஸ்பிரஷனுக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு ஃப்ரேமையும் புதுசாகக் கணக்கிடும். ஆகவே 100-வது ஃப்ரேமில், ஆரம்பத்திலிருந்து வந்த 100 இடிகளையும் ஒரு ஃபார் லூப்பில் மறுபடி கூட்ட வேண்டும். ஒவ்வொரு இடியையும் காஸ்ரேண்டம் தரும். லூப்புக்கு முன்னால் ஸீட்ரேண்டம்(இண்டெக்ஸ், ட்ரூ) கட்டாயம். இண்டெக்ஸ் ஒவ்வொரு லேயருக்கும் தனிப் பாதை தருகிறது. ட்ரூ அந்தப் பாதை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறாமல் பார்த்துக்கொள்கிறது. முதல் தடவை இதை மறந்துட்டேன். புள்ளிகள் ஈ மொய்த்த மாதிரி திரை முழுக்கத் துள்ளின.

நீளமான வீடியோவுக்கு இந்த வழி சுமை. நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால், ஒரு நிமிஷ முடிவில் ஒரே ஃப்ரேமுக்கு 3 லட்சம் இடிகளைக் கூட்ட வேண்டும். எனக்கு 16 நொடி போதும் என்பதால் தப்பித்தேன்.

புது வீடியோவை நேற்று அனுப்பினேன். அந்தப் பையன் கையில் ஸ்கேலைக் கொடுத்து, 4-வது நொடியிலும் 16-வது நொடியிலும் கூட்டத்தின் அகலத்தை அளக்கச் சொல்லியிருக்கேன்.