கடல்நீர்த் தொட்டியும் நுரைப்பிரிப்பானின் ஓசையும்

கடல்வாழ் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்துப் பேணும் கலை நெடுங்காலத்துப் பழைமை உடையதன்று. இலண்டன் மாநகரத்து விலங்கியல் தோட்டத்தில் பொதுமக்கள் கண்டு களிக்கத்தக்க நீர்வாழ்வகம் முதன்முதல் திறக்கப்பெற்றது 1853ஆம் ஆண்டிலேயே. அடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கைநூற் புலவர் இத்தகைய தொட்டிகளைப் பற்றித் தனிநூல் ஒன்று வெளியிட்டார். இன்று அவை தனியார் மனைகளிலும் இடம்பெற்று, பவளங்களும் வண்ண மீன்களும் அவற்றில் இனிது வாழ்கின்றன. அவ்வுயிர்களைக் காக்கும் கருவிகளுள் சிறந்த ஒன்று, ஆங்கிலத்தில் ‘புரோட்டீன் ஸ்கிம்மர்’ என்று வழங்குவது. அதனை இக்கட்டுரையில் நுரைப்பிரிப்பான் என்று குறிப்போம்.

இக்கருவியைப் பற்றி மனையோர் பலரும் கூறும் குறை, அஃது ஓயாது இரைந்து இரவில் உறங்க ஒட்டாது என்பதே. அவ்விரைச்சலைப் பொறாது சிலர் இரவுதோறும் மின்விசையை நிறுத்திவிடுகின்றனர். வேறு சிலர் காற்றுப் புகும் துளையில் துணியைத் திணிக்கின்றனர். இவ்விரண்டும் தீது பயப்பன என்பதையும், ஓசையின் வகையறிந்து அதன் காரணத்தைக் களைவதே முறை என்பதையும் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் கருவியின் தொழிலை அறிதல் வேண்டும். அலை மோதும் கரையில் வெண்ணுரை திரண்டு ஒதுங்குவதை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். மீனின் கழிவு, உண்ணாது எஞ்சிய இரை முதலியவற்றினின்று நீரிற் கரையும் பொருள்கள் பலவற்றின் மூலக்கூறுகள், ஒரு முனையால் நீரை விரும்பியும் மறு முனையால் நீரை வெறுத்தும் நிற்பன. ஆதலின் அவை நீரும் காற்றும் கூடும் எல்லையை நாடிச் சென்று ஒட்டிக்கொள்கின்றன. நுரைப்பிரிப்பானது பம்பு நீரை ஒரு குறுகிய வாயின் வழியே விரைந்து ஓடச் செய்கின்றது. அவ்விடத்து அழுத்தம் குறைதலால் காற்றுத் தானே உள்ளே இழுக்கப்படும். இதனை ஆராய்ந்து 1797ஆம் ஆண்டில் வெளியிட்ட இத்தாலிய அறிஞர் வெண்ட்டூரியின் பெயரே அவ்வாய்க்கு வழங்குகின்றது. உட்புகுந்த காற்றை ஊசிச் சக்கரம் நுண்குமிழிகளாகச் சிதைக்க, அழுக்கைச் சுமந்த குமிழிகள் கழுத்தின் வழியே நுரையாக ஏறி, மேலுள்ள கிண்ணத்தில் வழிந்து தங்குகின்றன. உப்பு நீரிற் குமிழிகள் ஒன்றோடொன்று எளிதிற் கூடிப் பெரியன ஆகாமையால், கடல்நீர்த் தொட்டிக்கே இம்முறை நன்கு பொருந்துவதாயிற்று.

இனி, இதனை இரவில் நிறுத்துதல் ஏன் தீது என்பதைக் காண்போம். நுரைப்பிரிப்பான் அழுக்கை நீக்குவதோடு, நீருக்குப் பிராணவாயுவையும் ஊட்டுகின்றது. 25 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் நன்னீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும். கடல்நீரோ ஏறத்தாழ 6.7 மில்லிகிராமே கொள்ளும். பகலில் ஒளியின் உதவியால் பிராணவாயுவை வெளிவிடும் பாசிகள், விளக்கணைந்தபின் மீன்களைப் போலவே அதனை உட்கொள்ளத் தொடங்குகின்றன. கரியமில வாயுவும் நீரில் மிகுகின்றது. ஆகவே, இருப்புக் குறைந்தும் செலவு மிகுந்தும் நிற்கும் வேளை இரவேயாம். நீரசைவு குறைந்து மீன்கள் நெருங்கி வாழும் தொட்டியில் அவ்வேளையிற் கருவியை நிறுத்துவோர், விடியலில் மீன்கள் நீர்மட்டத்தில் வாய் திறந்து திணறுவதைக் காணவும் நேரும். துளையை அடைப்பதும் ஏறக்குறைய இதற்கு ஒப்பானதே, காற்றின்றி நுரையில்லை.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? செவியையே முதற்கருவியாகக் கொள்ளுதல் வேண்டும். ஓசை நான்கு வகைப்படும்: சீறல், கடகடப்பு, முரல்வு, களகளப்பு என்பன.

சீறல் காற்றுக் குழாயினின்று எழுவது. குழாயின் வாயை விரலால் ஒரு கணம் மூடுக. ஓசை அடங்குமாயின் காரணம் காற்றே என்பது தெளிவு. குழாயை நீட்டி அதன் வாயைத் தொட்டியின் கீழுள்ள அலமாரிக்கு அப்பால் ஒதுக்குப்புறமாக வைத்தாலும், காற்று ஒரு சிறு அறையிற் புகுந்து செல்லுமாறு அமைந்த ஓசையடக்கியைப் பொருத்தினாலும் சீறல் தணியும். முன்பு இல்லாத சீழ்க்கை ஒலி புதிதாகத் தோன்றினால், வெண்ட்டூரி வாயில் உப்புப் படிந்து வழி குறுகிற்று என்று கொள்ளலாம். அவ்விடத்துத் தெறிக்கும் கடல்நீர் காற்றால் உலர்ந்து உப்பாகப் படிதல் இயல்பு. குழாயின் முனையை ஒரு குவளை இளஞ்சூட்டு நன்னீரில் தோய்த்தால், கருவி அதனை உறிஞ்சி உப்பைக் கரைத்துவிடும்.

கடகடப்புப் பம்பின் அகத்தே பிறப்பது. ஆங்கே காந்தம் பொருந்திய சுழலி ஒன்று மெல்லிய பீங்கான் அச்சின்மேல் சுழல்கின்றது. அதன்மேற் சுண்ணப் பொருக்குப் படிந்தாலும், கிளிஞ்சற் துண்டோ சிறு நத்தையோ உட்புகுந்தாலும், அச்சுத் தேய்ந்தாலும் சுழலி தள்ளாடிச் சுவரில் மோதும். இதற்கு மருந்து தூய்மையே. மின்னிணைப்பை முழுதும் நீக்கியபின் பம்பைக் கழற்றி, காடியும் நீரும் சமமாகக் கலந்த கலவையிற் சில மணி நேரம் ஊறவிட்டு, மெல்லிய தூரிகையால் தேய்த்து, நன்னீரில் அலசிப் பூட்டுக. பீங்கான் அச்சு எளிதில் முறியுமாதலின் வன்மையாக இழுத்தல் ஆகாது. தூய்மை செய்தபின்னும் கடகடப்பு நீங்காவிடின், அச்சையோ சுழலியையோ மாற்றுதல் வேண்டும்.

முரல்வு என்பது வண்டு இரைவது போன்ற தாழ்ந்த ஒலி. நம் நாட்டு மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. அதனால் இயங்கும் காந்தப் பம்பு நொடிக்கு 100 அதிர்வுகளோடு முரலும். நேர்மின்னோட்டப் பம்புகளுக்கு இக்கணக்குப் பொருந்தாது. பம்பின் முரல்வு தன்னளவிற் சிறிதேயாயினும், கீழ்த்தொட்டியின் கண்ணாடியையும் அலமாரியின் பலகையையும் பற்றி, யாழின் பத்தர்போல அவை அதனைப் பெருக்கிவிடுகின்றன. கருவியின் மேற்பகுதியை உலர்ந்த கையாற் பற்றி ஒரு விரற்கடை உயர்த்துக. ஓசை குறையுமாயின் பம்பிற் குறையில்லை, தொடர்பிலேயே குறை. அடியில் மெத்தென்ற ரப்பர்த் தகடு ஒன்றை இடுவதும், கருவியும் அதன் குழாய்களும் கண்ணாடியைத் தொடாவண்ணம் நகர்த்துவதும் போதும்.

களகளப்பு, நீர் வெளியேறும் வாயிற் காற்றும் நீரும் கலந்து விழுதலால் உண்டாவது. குமிழி பெரிதாகுந்தோறும் அதன் சுருதி தாழும் என்பதை மின்னார்ட் என்னும் அறிஞர் 1933ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்கு ஏறத்தாழ 3000 அதிர்வுடன் ஒலிக்கும். ஆகவே, தாழ்ந்த களகளப்பைக் கேட்கின் பெருங்குமிழிகள் உருவாகின்றன என்று அறியலாம். வெளிவாய் நீர்மட்டத்திற்கு மேலே நிற்பின் இது மிகும். கருவி நிற்கும் நீரின் ஆழம் செய்தோர் குறித்த அளவினதாக இருத்தல் வேண்டும். பல கருவிகளுக்கு அது 15 முதல் 25 சென்டிமீட்டர் வரை ஆகும். நாள்தோறும் நீர் ஆவியாதலின் மட்டம் தாழ்ந்து, காலையில் அமைதியாக இருந்த கருவி மாலையில் இரையத் தொடங்கும். ஆவியாவது நீரேயன்றி உப்பன்று. ஆதலின் குறைந்த அளவை நன்னீராலேயே நிரப்புக.

புதுக்கருவி முதற் சில நாட்கள் சற்று மிகுதியாக ஒலித்தல் உண்டு. அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் பல திங்களாக அமைந்திருந்த கருவி திடீரென ஓசை மாறின், அன்றே ஆராய்தல் நன்று. எளியது முன்னும் அரியது பின்னுமாக, நீர்மட்டம், காற்றுக் குழாய், கருவி நிற்கும் நிலை, பம்பின் அகம் என்னும் வரிசையில் ஆராய்க. பெரும்பான்மையும் பம்பைக் கழற்றுமுன்னரே காரணம் புலப்பட்டுவிடும். எவ்விடத்தும், நீரிற் கையிடுமுன் மின்னிணைப்பை நீக்குதலை மறவற்க. மின்கம்பி வழியே நீர் இணைப்பிடத்திற்கு ஒழுகாதபடி, கம்பி சற்றுத் தாழ்ந்து வளைந்து மேலேறுமாறு அமைத்தலும் இன்றியமையாதது.

கடலினின்று ஓருயிரைக் கொணர்ந்து தன் இல்லத்தில் வைத்தவன், அதன் உணவிற்கு மட்டுமன்றி அதன் மூச்சிற்கும் கடமைப்பட்டவன். நம் உறக்கமும் வேண்டுவதே. மீனின் உயிரும் வேண்டுவதே. ஒரு குவளை வெந்நீரும், சிறிது காடியும், ஒரு துண்டு ரப்பரும், சற்றே பொறுமையும் இருப்பின் இரண்டையும் ஒருங்கே காக்கலாம்.