இரண்டு தட்டு, நடுவே சீடை: ஆர்.சி. காரின் டிஃபரென்ஷியல் எப்படி இயங்குகிறது?

ரிமோட் கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். எவ்வளவு அதிகம்? இரண்டு சக்கரங்களுக்கும் இடைவெளி 16 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கார் ஒரு முழு வட்டம் அடித்தால் வெளிச்சக்கரம் ஏறத்தாழ 1 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். வட்டம் சின்னதோ பெரியதோ, இந்தக் கணக்கு மாறாது. 6.4 செ.மீ. விட்டமுள்ள டயருக்கு அது 5 சுற்று. இரு சக்கரங்களையும் ஒரே கம்பியில் இறுக்கிவிட்டால், இந்த 5 சுற்றையும் டயர் தரையில் தேய்த்தே கழிக்க வேண்டும். காரும் திரும்பாமல் நேரே போகப் பார்க்கும். அந்த 5 சுற்றுக்கு வழி விடுவதுதான் டிஃபரென்ஷியலின் வேலை.

ஆர்.சி. கார்களில் இது இரண்டு வகை. ஒன்றில் கூம்பு வடிவப் பற்சக்கரங்கள் இருக்கும், மற்றதில் எஃகுக் குண்டுகள். இங்கிலாந்தின் சிசில் ஷூமாக்கர் 1980-இல் தன் நிறுவனத்தைத் தொடங்கியதே குண்டு வகையை நம்பித்தான். பழைய பாகங்களைச் சேர்த்து வீட்டு மேசையிலேயே உயிர்ப்பிக்க ஏற்றது இந்தக் குண்டு வகை. எந்தப் பாகத்தை நாமே செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை அது இயங்கும் விதமே சொல்லிவிடும்.

சமையலறையில் ஒரு டிஃபரென்ஷியல்

அடி தட்டையான இரண்டு எவர்சில்வர் தட்டுகள் வேண்டும். ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். அதன்மேல் வட்டமாகத் துளைகள் வெட்டிய ஓர் அட்டை. துளைக்கு ஒன்றாக உப்புச்சீடையைப் போடுங்கள். அட்டைக்கு மேலும் கீழும் சீடை துருத்திக்கொண்டு நிற்க வேண்டும். அதற்கு மேல் இரண்டாவது தட்டை நிமிர்த்தி வையுங்கள்.

இப்போது அட்டையை அசையாமல் பிடித்துக்கொண்டு மேல்தட்டை வலப்பக்கம் சுற்றினால், சீடைகள் இருந்த இடத்திலேயே உருளும். கீழ்த்தட்டு அதே அளவு இடப்பக்கம் சுற்றும். மேல்தட்டை நன்றாக அழுத்திக்கொண்டு அட்டையைச் சுற்றினால், இரண்டு தட்டும் சேர்ந்தே வரும். கீழ்த்தட்டைப் பிடித்துவிட்டு அட்டையை ஒரு சுற்று சுற்றினால் மேல்தட்டு இரண்டு சுற்று சுற்றும். அட்டையின் வேகம் எப்போதும் இரு தட்டுகளின் வேகத்துக்குச் சராசரி.

காரில் அந்த அட்டைதான் ஸ்பர் கியர். மோட்டார் அதைச் சுற்றுகிறது. தட்டுகள், சக்கரத்துக்கு ஒன்றாக இருக்கும் கடினமாக்கிய எஃகு வளையங்கள். சீடைகள் எஃகுக் குண்டுகள். கையின் அழுத்தத்தைத் தருவது நடுவே ஓடும் திருகும் அதன் ஸ்பிரிங்கும். குண்டுக்கும் வளையத்துக்கும் இடையே பல் எதுவும் கிடையாது. மோட்டாரின் முழு பலமும் குண்டு வளையத்தைத் தொடும் புள்ளிகள் வழியாக, வெறும் உராய்வால் போகிறது.

எது கிடைத்தால் போதும், எது கூடாது

தொடும் பரப்புகள் மட்டும் துல்லியம் கேட்கும் என்பது இதிலிருந்து விளங்கும். சீடைகளில் நாலு பெரிதாக இருந்தால் மேல்தட்டு அந்த நாலின்மேல்தான் உட்காரும். மற்றவை சும்மா கிடக்கும். குண்டுகளும் அப்படித்தான். தட்டையான அடித்தட்டுள்ள பல பான் கார்களின் டிஃபரென்ஷியலுக்கு 1/8 அங்குலக் குண்டு, அதாவது 3.175 மி.மீ. சைக்கிள் ஃப்ரீவீலுக்குள் இருப்பதும் அதே அளவுதான். ஆனால் ஓடித் தேய்ந்த ஃப்ரீவீலின் குண்டுகள் ஒன்றுபோல் இருக்காது. மைக்ரோமீட்டரில் அளந்து ஒரே அளவானவற்றை மட்டும் பொறுக்குங்கள். பழையதையும் புதியதையும் கலக்கவே கூடாது.

வளையத்தில் குண்டு ஓடிய தடம் பள்ளமாகத் தெரிந்தால் முதலில் திருப்பிப் போடுங்கள். மறுபக்கம் புதிதாக இருக்கும். இரு பக்கமும் தேய்ந்திருந்தால், கண்ணாடிமேல் 600 எண் வாட்டர் பேப்பரை விரித்து, வளையத்தை எட்டு வடிவில் தேய்த்துத் தடத்தைப் போக்கலாம். ஆழமான குழி இதில் போகாது. அப்போது இன்னொரு பழுதான டிஃபரென்ஷியலின் வளையம்தான் வழி. ஹார்டுவேர் கடை வாஷரை அங்கே போடாதீர்கள். அது மென்மையான இரும்பு. அழுத்தத்தில் குண்டு பதிந்து குழி விழும்.

கையால் செய்ய ஏற்றது ஸ்பர் கியர். பற்களின் அளவு மோட்டார்த் தண்டிலுள்ள பினியனோடு பொருந்தும் வேறொரு காரின் கியரில், ஒரே வட்டத்தில் சம இடைவெளி விட்டுத் துளையிடலாம். துளை குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாகவும், கியரின் தடிமன் குண்டைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். துளைகள் எல்லாம் வளையத்தின் பரப்புக்குள் அமைவது முக்கியம்.

ஸ்பிரிங் பழையது கிடைத்தாலும் சரி, ஆனால் தடித்த கம்பியாக இருக்க வேண்டும். பேனா ஸ்பிரிங் போதாது. திருகின் பிடியில், சின்னக் குண்டுகள் கொண்ட ஒரு குட்டி திரஸ்ட் பேரிங் இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள். வளைவில் இரு பாதிகளும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும்போது, அது இல்லாவிட்டால் திருகு தானே கழலும் அல்லது இறுகும்.

கிரீஸும் சோதனையும்

எல்லாவற்றையும் பெட்ரோலில் கழுவி உலர்த்துங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது. ஸ்பர் கியரிலுள்ள முக்கியக் குண்டுகளுக்குச் சிலிக்கோன் டிஃப் கிரீஸ், திரஸ்ட் குண்டுகளுக்குக் கறுப்பு மாலிப்டினம் கிரீஸ். இடம் மாற்றினால், தட்டில் எண்ணெய் தடவியதுபோல் முக்கியக் குண்டுகள் பிடிப்பில்லாமல் வழுக்கும்.

திருகைச் சிறிது சிறிதாக இறுக்கி, இடையிடையே சக்கரத்தைக் கையால் சுற்றி விடுங்கள். பிறகு சோதனை. இரண்டு டயர்களையும் இறுகப் பிடித்து, ஸ்பர் கியரைக் கட்டைவிரலால் தள்ளினால் அது நகரக் கூடாது. நகர்ந்தால் இன்னும் கால் சுற்று இறுக்குங்கள். வழுக்கியபடி ஓடவிட்டால் சூட்டில் வளையம் கெடும். அடுத்து ஒரு டயரை மட்டும் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் வழவழவென்று சுற்ற வேண்டும். மணல் அரைபடுவதுபோல் கையில் தட்டினால் வளையத்தில் இன்னும் குழி இருக்கிறது. பிரித்துத் தேய்த்தாக வேண்டும். அளவுக்கு மீறி இறுக்குவதும் அதே குழியைத்தான் உண்டாக்கும்.

இரண்டு சோதனையிலும் தேறிய டிஃபரென்ஷியல், குண்டு சைக்கிளிலிருந்தும் கியர் வேறொரு காரிலிருந்தும் வந்ததாக இருந்தாலும், ஓடத் தகுதியானது. அடுத்து பழுதாகும் டிஃபரென்ஷியலைத் தூக்கி எறியாதீர்கள். வளையம், திரஸ்ட் பேரிங், ஸ்பிரிங் மூன்றையும் கழற்றி டப்பாவில் போட்டு வையுங்கள். வீட்டில் செய்ய முடியாதவை அவை.