சுண்ணாம்புச் சிகரம்

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வேண்டும். வீட்டுக்கு வெள்ளையடிக்கவும் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டு அதை எடுக்கிறார்கள்.

உலகிலேயே உயரமான எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியும் சுண்ணாம்புக் கல்தான். அது நேபாளம், திபெத் எல்லையில் உள்ளது. உயரம் 8,849 மீட்டர். அந்தக் கல்லில் கடல் உயிர்களின் ஓட்டுத் துணுக்குகள் இருக்கின்றன. மலை உச்சிக்கு அவை எப்படி வந்தன?

40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அந்தக் கல் கடலடியில் படிந்தது. பின்பு இந்திய நிலம் மெல்ல நகர்ந்து ஆசிய நிலத்தோடு மோதியது. கடலடிக் கல் மடிந்து மேலே எழுந்தது. அதுவே இமயமலை.

அங்கே ஏறுவது எளிதல்ல. உச்சியில் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் பெரும்பாலோர் ஒரேயடியாக ஏறுவதில்லை. வழியில் பல நாள் தங்கி உடலைப் பழக்குகிறார்கள்.

1984 மே மாதம் பச்சேந்திரி பால் ஒரு குழுவோடு ஏறினார். ஓர் இரவு கூடாரத்தின் மேல் பனிச்சரிவு விழுந்தது. காயம்பட்ட பலர் திரும்பினர். தலையில் அடிபட்ட பச்சேந்திரி திரும்பவில்லை. மே 23 அன்று உச்சியை அடைந்தார். எவரெஸ்டில் ஏறிய முதல் இந்தியப் பெண் அவர்தான். அன்று அவர் நின்ற பனிக்கு அடியில் இருந்தது பழைய கடல் தரை.