தேசப் பாதுகாப்பும் கேப்பாப்புலவுக் காணியும்

தேர்தல் நெருங்கினால் தென்னிலங்கை மேடைகளில் இறைமையும் பாதுகாப்பும் தவறாமல் ஏறிவிடும். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, அந்த நவம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் வேறு பேச்சே எடுபடவில்லை. நாடு முதலில், உரிமை பிறகு. வெளியார் மூக்கை நுழைக்கக் கூடாது. பழமைவாதிகளின் வாதம் இவ்வளவுதான். வன்னியில் நின்று கேட்டால் இது விசித்திரமாக இருக்கிறது.

ஏனென்றால் வன்னியான் பழமையில் யாருக்கும் குறைந்தவனல்ல. வைகாசியில் வற்றாப்பளை அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பதை அவன் விடவில்லை. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதை இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் பார்த்து, கமக்காரர் கூட்டத்தில் சண்டை பிடித்துத்தான் இன்றும் முடிவுசெய்கிறார்கள். அப்பு வெட்டிய கிணறு, ஆச்சி நட்ட பலா என்று ஒவ்வொரு காணிக்கும் சரித்திரம் சொல்வார்கள். பழமைவாதத்தின் தந்தை எனப்படும் எட்மண்ட் பர்க், 1790 இல் பிரெஞ்சுப் புரட்சியைச் சாடி எழுதியபோது, திருச்சபையின் காணிகளை அரசு பறித்ததைப் பெருங்குற்றமாகவே எண்ணினார். அவர் முல்லைத்தீவின் கேப்பாப்புலவுக்கு வந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பார்?

2012 செப்டெம்பரில், போரில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாமை மூடியபோது கேப்பாப்புலவுச் சனத்தை ஊருக்கு விடவில்லை. ஊர் படைமுகாமுக்குள் இருந்தது. சீனியாமோட்டைக் காட்டில் இறக்கி, அதற்கு மாதிரிக் கிராமம் என்று பெயரும் வைத்தார்கள். 2017 ஜனவரி முடிவில் கேப்பாப்புலவின் பிலக்குடியிருப்புப் பெண்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முகாம் வாசலில் குந்தினார்கள். வெயில், பனி, நுளம்பு எதற்கும் எழும்பவில்லை. மார்ச் 1 இல் அவர்களின் காணி கிடைத்தது. ஆண்டு முடிவில் கேப்பாப்புலவில் இன்னும் 133 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. முழுவதும் இன்றுவரை விடுபடவில்லை.

அதே 2017 ஜூலையில்தான் ஹம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீனக் கம்பனியிடம் போனது. அதைத் தேசியவாதிகளும் எதிர்த்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் துறைமுகத்துக்காகக் கொதித்தவர்கள் கேப்பாப்புலவுக் காணிக்காக வாய் திறந்ததை நான் கேட்கவில்லை. 2015 இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் ஜெனீவாத் தீர்மானத்துக்கு இணை அனுசரணை கொடுத்த நாடு 2020 இல் விலகிக்கொண்டதும் இறைமையின் பேரில்தான். அதே இறைமை, இந்திய ரோலர் வந்து வலையை அறுத்துப் போகும் இரவில் முல்லைத்தீவுக் கடற்றொழிலாளிக்கும் தேவைப்படுகிறது. இழுவைமடியைத் தடைசெய்யும் சட்டம் 2017 இலேயே வந்துவிட்டது; ஆனாலும் வலை அறுபடுவது நிற்கவில்லை.

மறுபக்கமும் உண்டு. 2018 ஜூனில் விசுவமடுவில் இருந்து இடமாற்றமாகிப் போன இராணுவ அதிகாரி ஒருவரை, அவருக்குக் கீழே பாதுகாப்புத் துறையின் பண்ணைகளில் வேலை செய்த எங்கள் சனமே மாலை போட்டு, தோளில் தூக்கி, அழுதழுது வழியனுப்பியது. அந்தக் கண்ணீரை நான் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் பண்ணையிலும் முன்பள்ளியிலும் மாதச் சம்பளம் தரப் பாதுகாப்புத் துறையை விட்டால் ஆளில்லை என்பது யாருடைய குறை?

என் கவலை முழுக்க அங்கேதான். அந்தச் சம்பளத்தைத் தரவேண்டியது மாகாண சபை. விவசாயமும் முன்பள்ளியும் அதன் வேலைகள். 2013 செப்டெம்பர் 21 இல் வடக்கு மாகாண சபைக்கு முதன்முறையாக வாக்களித்தோம். வவுனியாவுக்கு ஆறு, முல்லைத்தீவுக்கு ஐந்து, கிளிநொச்சிக்கு நான்கு ஆசனங்கள். 2018 ஒக்டோபரில் ஆயுட்காலம் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநர் ஆட்சி. இதற்குப் படையினரைக் குறைசொல்லவும் முடியாது. தேர்தலை நிறுத்திவைத்திருப்பது தேர்தல் முறையை மாற்றிய 2017 இன் மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமும், 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் தோற்கடித்த எல்லைநிர்ணய அறிக்கையும். அதற்குப் பிறகு இரண்டு ஜனாதிபதித் தேர்தல்களும் இரண்டு பாராளுமன்றத் தேர்தல்களும் நடந்துவிட்டன. 2025 மே 6 இல் பிரதேச சபைகளுக்கும் வாக்களித்தோம். அவற்றில் எதற்கும் பாதுகாப்பு இடையூறாக இருக்கவில்லை.

எல்லைநிர்ணயம் முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. பழைய விகிதாசார முறைக்குத் திரும்ப ஒரு சட்டத்திருத்தம் போதும். பழையதைப் பேணுவோம் என்கிறவர்களே அதைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவரலாமே.