இரு பற்றறி லொறியில் வானொலிப் பெட்டி



தம்புள்ளையில் மரக்கறி ஏற்றிக்கொண்டு நள்ளிரவிலே கொழும்பை நோக்கிப் புறப்படும் லொறிச் சாரதிக்குத் துணையாக இருப்பவை இரண்டு. ஒன்று பக்கத்து ஆசனத்தில் இருக்கும் உதவியாள், மற்றையது வானொலி. உதவியாள் பெரும்பாலும் குருநாகலுக்கு முன்னரே உறங்கிவிடுவான். ஆகவே வானொலியே மெய்யான துணை. அத்துணையைத் தம் வண்டியிற் பொருத்த விரும்புவோர் அவசியம் அறிந்திருக்க வேண்டிய ஒன்றை இன்று விளக்க எண்ணுகின்றேன்.

நம் நாட்டில் ஓடும் யப்பானிய டீசல் லொறிகள் பலவற்றில் இரண்டு பற்றறிகள் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஒவ்வொன்றும் 12 வோல்ற்று. ஒன்றின் நேர்முனை மற்றதன் மறைமுனையோடு இணைக்கப்பட்டிருப்பதால், இரண்டும் சேர்ந்து 24 வோல்ற்றைத் தருகின்றன. பாரமான டீசல் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புதற்கு மிகுந்த வலு வேண்டும். வோல்ற்று இரட்டித்தால் அதே வலுவுக்குப் பாதி மின்னோட்டம் போதும். கம்பிகளும் அளவுக்கு மீறித் தடிக்க வேண்டியதில்லை. ஆனால் கடைகளில் விற்கப்படும் வானொலிப் பெட்டிகளோ பெரும்பாலும் காருக்கென்று 12 வோல்ற்றில் இயங்குமாறு ஆக்கப்பட்டவை. தொல்லை இங்கேதான் தொடங்குகின்றது.

இரண்டு பற்றறி உள்ள வண்டியெல்லாம் 24 வோல்ற்று வண்டி என்று எண்ணிவிடவும் கூடாது. சில பிக்கப் வண்டிகளில் நேர்முனையோடு நேர்முனையும் மறைமுனையோடு மறைமுனையும் இணைந்திருக்கும். அங்கே 12 வோல்ற்றுத்தான். கார் வானொலியை நேரே பொருத்தலாம். எனவே முதலிற் செய்ய வேண்டியது இரு பற்றறிகளையும் இணைக்கும் தடித்த கம்பி எந்த முனையிலிருந்து எந்த முனைக்குச் செல்கின்றது என்று பார்ப்பதே.

24 வோல்ற்று லொறியில் அவசரக்காரர் செய்யும் வேலை யாதெனில், இரண்டில் ஒரு பற்றறியிலிருந்து மட்டும் 12 வோல்ற்றை எடுத்துவிடுவது. செலவில்லை, பெட்டியும் நன்றாகப் பாடும். கேடு சில வாரங்களுக்குப் பின்னரே தெரியவரும். ஒரே நுகத்திற் பூட்டிய இரண்டு எருதுகளில் ஒன்றை மட்டும் இரவிலும் செக்கிழுக்க வைத்து, விடிந்ததும் இரண்டுக்கும் ஒரே அளவு வைக்கோல் போட்டால் என்னவாகும்? அதுவே இங்கும் நிகழ்கின்றது. எஞ்சின் ஓடும்போது மின்பிறப்பாக்கி ஏறத்தாழ 28 வோல்ற்றில் இரண்டையும் சேர்த்தே மின்னேற்றுகின்றது. எது களைத்தது, எது நிறைந்தது என்று அதற்குத் தெரியாது. இரண்டுக்கூடாகவும் பாய்வது ஒரே மின்னோட்டம். நிறைந்த பற்றறி தன் பங்காக 15 வோல்ற்று வரை ஏறிக் கொதித்து நீரை இழக்கும். வானொலிக்கு உழைத்த பற்றறி 13 வோல்ற்றளவில் நின்று ஒருபோதும் நிறையாது. அதன் ஈயத்தகடுகளிற் சல்பேற்றுப் படிந்து இறுகிவிடும். ஒன்று வரண்டும் மற்றது பட்டினி கிடந்தும், இரண்டுமே காலத்துக்கு முன்னர் சாகின்றன. வெங்காயம் ஏற்றிய லொறி விடியற்புறம் இரண்டு மணிக்குக் கிளம்ப மறுக்கும்போது, சாரதி பற்றறி விற்றவரைத்தான் திட்டுவார்.

இதனினும் கொடிய ஆபத்தொன்றும் உண்டு. மேற்பற்றறியின், அதாவது 24 வோல்ற்று முனையுள்ள பற்றறியின், இரு முனைகளிலும் பெட்டியை இணைத்தால், பெட்டியின் கறுப்புக் கம்பி வண்டியின் இரும்புச் சட்டத்தைவிட 12 வோல்ற்று உயரத்தில் இருக்கும். பெட்டியின் உலோக உடலும் ஏரியலின் வெளியுறையும் அக்கறுப்புக் கம்பியோடு தொடர்புடையவை. பெட்டியை இரும்பில் முடுக்கிய கணமே கீழ்ப்பற்றறியின் முழு மின்னோட்டமும் அவ்வழியாகப் பாயும். கம்பி சிவந்து, உறை உருகி, தீப்பற்ற அதிக நேரம் வேண்டியதில்லை.

நேரான வழி, 24 வோல்ற்றை 12 ஆகக் குறைக்கும் கொன்வேட்டர் என்னும் கருவியை இடையிற் பொருத்துவதே. அது இரண்டு பற்றறிகளிலிருந்தும் சமமாக மின்னை எடுக்கின்றது. தடையொன்றைத் தொடரில் வைத்து வோல்ற்றைக் குறைக்கும் பழைய முறையை நான் விரும்புவதில்லை. பாட்டின் ஏற்ற இறக்கத்தோடு மின்னோட்டம் மாற, வோல்ற்றும் ஆடும். மீதி வலு வெப்பமாக வீணாகும். பெட்டியும் அம்பிளிபயரும் உரக்க ஒலிக்கையில் 10 அம்பியர் எடுக்குமானால், 15 அல்லது 20 அம்பியர் தாங்கும் கொன்வேட்டரை வாங்குக. பற்றறியிலிருந்து அதற்குச் செல்லும் மின்னோட்டம் ஏறத்தாழ 6 அம்பியரே. ஆதலால் கொன்வேட்டரைப் பெட்டிக்கு அண்மையில் வைத்தால் நீண்ட கம்பியில் இழப்புக் குறையும். அது சூடேறும் பொருள். காற்றோட்டமுள்ள இடத்திலே, ஏரியற் கம்பிக்குச் சற்று விலகி, பொருத்துதல் நன்று. அல்லாவிடின் இரைச்சல் வானொலிக்குள் நுழையும்.

நேர்முனையிலிருந்து வரும் கம்பியில், பற்றறிக்கு ஒரு முழத்துக்குள் உருகி இருத்தல் வேண்டும். பெட்டிக்குப் பின்னாலேயே ஓர் உருகி இருக்கின்றதே என்பார் சிலர். அது பெட்டியைக் காக்கும். பற்றறிக்கும் பெட்டிக்கும் இடையே இரும்பில் உராயும் கம்பியைக் காக்காது. வேலை தொடங்கும்போது சட்டத்தோடு இணைந்த மறைமுனையை முதலிற் கழற்றி, முடிவில் அதனையே கடைசியாகப் பூட்டுக. பற்றறியிலிருந்து எழும் ஐதரசன் வாயு ஒரு தீப்பொறிக்கே வெடிக்கும்.

பெட்டியின் மஞ்சட் கம்பி நேரத்தையும் நிலையங்களையும் நினைவில் வைப்பது. சிவப்புக் கம்பி திறப்போடு இயங்க வேண்டியது. "மஞ்சள் எடுப்பது சொற்ப மின்தானே" என்று அதை மட்டும் நடு இணைப்பிற் கொழுவுவோர் உளர். சொற்பமாயினும் இரவு பகலாக ஒரு பற்றறியையே அது உறிஞ்சும். நினைவுக்கெனத் தனி முனையுள்ள கொன்வேட்டர்கள் கிடைக்கின்றன.

வண்டியை நிறுத்திவிட்டு உறங்கும்போதும் சிலர் பாட்டை நிறுத்துவதில்லை. பற்றறிகளிலிருந்து 5 அம்பியர் வீதம் எட்டு மணி நேரம் எடுத்தால் 40 அம்பியர் மணி. 70 அம்பியர் மணிப் பற்றறியிற் பாதிக்கு மேல் போய்விடும். கொன்வேட்டர் சமமாக எடுக்குமே தவிர, இல்லாததை உண்டாக்காது.

பழைய லொறி வாங்கும் நேயர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம். எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரத்தின் பின் இரு பற்றறிகளையும் தனித்தனியே அளந்து பாருங்கள். நல்ல நிலையில் ஒவ்வொன்றும் 12.6 வோல்ற்றளவில் நிற்கும். ஒன்று மற்றதைவிட அரை வோல்ற்றுக் குறைந்திருந்தால், இரண்டுக்கும் நடுவேயுள்ள இணைப்பை உற்று நோக்குங்கள். அங்கிருந்து மெல்லிய கம்பியொன்று ஆசனத்துக்கு அடியாலே வானொலியை நோக்கிச் செல்லக்கூடும்.