“இன்னுமா தூக்கம்? எழுந்து வாடி!”
அடி அண்ணாமலையில் தோழிகள் சண்டை! விடிவதற்குள் சமாதானம்!

மார்கழி மாதம். இன்னும் விடியவில்லை. பனி கொட்டுகிறது. ஒரு வீட்டு வாசலில் பெண்கள் கும்பலாக நின்றுகொண்டு கூப்பிடுகிறார்கள்.

“ஏன்டி, நேத்து என்ன சொன்னே? ‘நாளைக்கு நானே வந்து உங்களை எல்லாம் எழுப்புறேன்’னு சொன்னியே! அந்தப் பேச்சு எந்தப் பக்கம் போச்சு? வெட்கமா இல்லே? உனக்கு இன்னும் விடியலையா?”

உள்ளே சத்தம் இல்லை.

இன்னொரு வீடு. அங்கே ஒருத்தி படுத்தபடியே குரல் கொடுக்கிறாள்.

“எல்லாரும் வந்தாச்சா?”

வெளியே நிற்பவர்கள் விடுவார்களா?

“எண்ணிச் சொல்றோம். அதுக்குள்ளே இன்னொரு தூக்கம் போடலாம்னு பாக்கறியா? அதெல்லாம் நடக்காது. நீயே வந்து எண்ணிப் பாரு. ஆள் குறைஞ்சா, திரும்பப் போய்ப் படுத்துக்கோ!”

இது நேற்று நடந்த சண்டை அல்ல. சுமார் 1,100 வருஷத்துக்கு முந்திய சண்டை! மாணிக்கவாசகர் பாடிய திருவெம்பாவையில் வருகிற பேச்சு இது. நாம் பேசுகிற தமிழில் சொன்னால் இப்படித்தான் இருக்கும்.

எந்த ஊர்ப் பெண்கள்?

திருவண்ணாமலை பெரிய கோயில் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில் நடந்து மலையின் மறுபக்கம் போனால் வருகிற ஊர் அடி அண்ணாமலை. ‘ஆதி அண்ணாமலை’ என்று சொல்பவர்களும் உண்டு. இங்கேயும் சிவன் கோயில் இருக்கிறது. பிரம்மா உண்டாக்கிய கோயில் என்பது ஐதீகம். கிரிவலம் போகிறவர்கள் இங்கே நின்று கும்பிட்டு விட்டுத்தான் நடையைத் தொடர்வார்கள்.

இதே ஊரில், கிரிவலப் பாதையிலேயே மாணிக்கவாசகருக்கும் தனிக்கோயில் இருக்கிறது.

மாணிக்கவாசகர் மதுரைப் பக்கம் திருவாதவூரில் பிறந்தவர். பாண்டிய மன்னனிடம் மந்திரியாக இருந்தவர். குதிரை வாங்கி வரச்சொல்லி மன்னன் கொடுத்த பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்து விட்டு, அதனால் பட்ட பாடு தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர் காலம் 9-ம் நூற்றாண்டு என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் கணக்கு.

அவர் ஊர் ஊராகப் போய்ப் பாடி வந்தபோது திருவண்ணாமலைக்கு வந்தார். அங்கே மார்கழி விடியற்காலையில், பெண்கள் வீடு வீடாகப் போய்த் தோழிகளை எழுப்பிக் குளிக்க அழைத்துப் போவதைப் பார்த்தார். அந்தப் பேச்சையே பாட்டாக்கி விட்டார். அதுதான் திருவெம்பாவை. அவர் பார்த்த இடம் அடி அண்ணாமலை என்பது இந்த ஊரில் வழிவழியாக வருகிற நம்பிக்கை.

மந்திரியாக இருந்தவர், வயதில் பெரியவர், ஆண்பிள்ளை. ஆனால் பாட்டு முழுக்கப் பெண்களின் குரல்தான் கேட்கிறது!

வாசலுக்கு வாசல் கேலி

திருவெம்பாவையில் மொத்தம் 20 பாட்டு. முதல் 8 பாட்டும் தூங்குகிறவளை எழுப்புகிற பாட்டு.

எழுப்புகிறார்கள் என்றால் நைசாக எழுப்பவில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு கேலி.

ஒரு வாசலில், “தெருவிலே பாட்டுச் சத்தம் கேட்டதும் ஒருத்தி விம்மி விம்மி அழுது, படுக்கையிலிருந்து புரண்டு தரையிலே விழுந்து கிடக்கிறா. நீ என்னடான்னா அசையாமத் தூங்குறே! உன் காது என்ன வன்காதா?” என்று கேட்கிறார்கள்.

இன்னொரு வாசலில், “ராத்திரி பகல்னு பாக்காம ‘என் அன்பெல்லாம் சாமிக்குத்தான்’னு பேசுவியே! இப்ப அந்த அன்பைப் படுக்கைக்குக் கொடுத்துட்டியா?” என்று குத்திக் காட்டுகிறார்கள்.

உள்ளே இருப்பவளுக்குச் சுருக்கென்று வருகிறது. “சீச்சீ! இதெல்லாம் ஒரு பேச்சா? விளையாடிக் கேலி பேசறதுக்கு இதுதான் நேரமா, இதுதான் இடமா?” என்று திருப்பிக் கேட்கிறாள்.

வேறொரு வாசலில் இன்னும் காரம். “பால் ஊறும், தேன் ஊறும் உன் வாயிலே. பேசறது அத்தனையும் பொய். திறடி கதவை, கள்ளி!”

ஆபீசிலும் கடைத்தெருவிலும் ரயில் பெட்டியிலும் நாம் தினமும் கேட்கிற பேச்சுதானே இது? “என்ன சார், நேத்து பெருசா சொன்னீங்க, இன்னிக்கு ஆளையே காணோம்?” என்று கேட்பவர் எதிரி அல்ல. நம்மை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்தான் அப்படிக் கேட்பார்.

பழைய ஆள், புது ஆள் தகராறு

மூன்றாம் பாட்டில்தான் உண்மையான சண்டை.

வெளியே நிற்பவர்கள் ஒருத்தியைக் கூப்பிடுகிறார்கள். “தினமும் எங்களுக்கு முன்னாலே எழுந்து வந்து, ‘என் அப்பன், என் ஆனந்தம், என் அமுதம்’னு வாய் இனிக்க இனிக்கப் பேசுவியே! இப்ப வந்து கதவைத் திற!”

இந்த முறை உள்ளேயிருந்து வருகிற பதிலில் கேலி இல்லை. மனக்குறை இருக்கிறது.

“நீங்க எல்லாம் பழைய ஆளுங்க. பக்குவப்பட்டவங்க. நாங்க புதுசா வந்தவங்க. எங்ககிட்ட ஒரு குறை இருந்தா, அதைப் போக்கி எங்களையும் சேர்த்துக்கிட்டா கெட்டா போயிடும்?”

நாலு பேர் கூடுகிற எந்த இடத்திலும் வருகிற தகராறு இது. முன்னாலேயே இருந்தவர்கள் ஒரு பக்கம், பிறகு வந்து சேர்ந்தவர்கள் ஒரு பக்கம். பஜனை கோஷ்டியில் வரும். நாடகக் குழுவில் வரும். நடிகர் ரசிகர் மன்றத்தில் கட்டாயம் வரும். ‘நேத்து வந்தவன் நமக்குச் சொல்றதா?’ என்று ஒரு வார்த்தை விழுந்தால் போதும், மன்றம் இரண்டாகி விடும்.

அடி அண்ணாமலைப் பெண்கள் என்ன செய்தார்கள்?

“உன் அன்பு பொய்யா? அது எங்க எல்லாருக்கும் தெரியாதா?” என்று முதலில் சமாதானம் சொன்னார்கள். “மனசு சுத்தமா இருக்கிறவங்க சாமியைப் பாடாம இருப்பாங்களா?” என்று செல்லமாகக் கேட்டார்கள். கடைசியில், “உன்னை எழுப்ப வந்தோம் பாரு, எங்களுக்கு நல்லா வேணும்!” என்று தங்களையே கேலி செய்து கொண்டார்கள்.

அவ்வளவுதான். சண்டை தீர்ந்தது!

யார் பேசியது சரி, யார் பேசியது தப்பு என்று விசாரணை இல்லை. ‘நீ மன்னிப்புக் கேள்’ என்று பிடிவாதம் இல்லை. குற்றம் சொல்ல வந்தவர்களே குற்றத்தைத் தங்கள் தலையில் போட்டுக் கொண்டார்கள். உள்ளே இருப்பவளுக்கு அப்புறம் எப்படிக் கோபம் நிற்கும்?

கேலி எல்லாம் கதவு திறக்கிற வரைக்கும்தான். அப்புறம் வாசலில் பேசியது ஒன்றும் பேச்சில் வருவதில்லை. எல்லோரும் ஒன்றாகக் குளத்தில் இறங்குகிறார்கள். குடைந்து குடைந்து நீராடுகிறார்கள். மழை பெய்ய வேண்டும் என்று பாடுகிறார்கள். ‘எங்களுக்கு வாய்க்கிற கணவன் உன் அடியாராகவே இருக்க வேண்டும்’ என்று ஒரே குரலில் வேண்டிக் கொள்கிறார்கள். ஒருத்தியைக்கூட விட்டுவிட்டுப் போகவில்லை.

சாமி வீட்டிலும் சண்டை

மார்கழி முடிந்து தை பிறந்ததும் திருவண்ணாமலையில் இன்னொரு சண்டை. இது சாமி வீட்டுச் சண்டை!

தை 2-ம் தேதி, மாட்டுப் பொங்கல் நாளில் திருவூடல் திருவிழா. இதற்கென்றே ஊரில் ‘திருவூடல் தெரு’ என்று ஒரு தெரு இருக்கிறது.

பிருங்கி முனிவர் சிவனைத் தவிர வேறு யாரையும் கும்பிட மாட்டேன் என்றவர். பக்கத்தில் இருக்கும் அம்மனைக்கூடக் கண்டுகொள்ளாதவர். அப்படிப்பட்டவருக்குத் தரிசனம் கொடுக்க அண்ணாமலையார் கிளம்புகிறார். ‘என்னை மதிக்காதவரைத் தேடி நீங்கள் போகலாமா?’ என்று அம்மனுக்குக் கோபம்.

எந்த வீட்டில்தான் இந்தச் சண்டை இல்லை?

கூட்டம் நெருக்கியடிக்கும் தெருவில் சுவாமியும் அம்மனும் எதிரெதிரே வருகிறார்கள். பல்லக்கு முன்னே போவதும் பின்னே வருவதுமாக ஊடல் நடக்கிறது. நடுவிலே சமாதானத் தூதர் சுந்தரமூர்த்தி நாயனார். இங்கும் அங்கும் போய்ப் போய் வருகிறார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. திருவாரூரில் சுந்தரருக்கும் பரவை நாச்சியாருக்கும் மனஸ்தாபம் வந்தபோது, நடுராத்திரியில் இரண்டு முறை தூது நடந்தவர் சிவபெருமான். திருவண்ணாமலையில் அந்தக் கடனைச் சுந்தரர் திருப்பிச் செலுத்துகிறார்!

ஆனாலும் அம்மன் சமாதானம் ஆகவில்லை. கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொள்கிறாள். சுவாமி அன்று இரவு குமரக்கோயிலில் தங்குகிறார்.

மறுநாள் காணும் பொங்கல். அண்ணாமலையார் தன்னந்தனியாகக் கிரிவலம் வருகிறார். வருஷத்தில் இரண்டு தடவைதான் அவர் கிரிவலம் வருவது. கார்த்திகை தீபம் முடிந்து வரும்போது அம்மனும் கூட வருவாள். இந்தத் தடவை மட்டும் தனியாக! அடி அண்ணாமலை ஜனங்கள் அவர் தனியாகப் போவதைப் பார்க்கிறார்கள். பிருங்கிக்குத் தரிசனம் கொடுத்து விட்டு அவர் கோயிலுக்குத் திரும்பியதும் மறுவூடல். சண்டை தீர்ந்து இருவரும் ஒன்று சேருகிறார்கள்.

‘திருவூடல் கண்டால் மறுவூடல் இல்லை’ என்பது இந்தப் பக்கத்து வழக்கு. அதனால் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து பார்க்க வேண்டும் என்று கூட்டம் வருகிறது.

சாமியின் சண்டைக்கும் கெடு ஒரு ராத்திரிதான்!

கடல் தாண்டிய பேச்சு

அடி அண்ணாமலை வாசலில் கேட்ட பேச்சு கடல் தாண்டியும் போயிருக்கிறது.

தாய்லாந்து அரசரின் தலைநகரம் பாங்காக். அங்கே 1784-ம் ஆண்டில் முதலாம் ராமா மன்னர் காலத்தில் ஒரு ராட்சத ஊஞ்சலை நிறுவினார்கள். நம் மார்கழி, தையை ஒட்டி ‘திரியம்பாவை, திரிபாவை’ என்று ஒரு சடங்கு. திருவெம்பாவை, திருப்பாவை என்ற பெயர்கள்தான் அப்படித் திரிந்து போயின. ஆபத்து அதிகம் என்று ஊஞ்சலாட்டத்தை 1935-ல் நிறுத்தி விட்டார்கள். பக்கத்துக் கோயிலில் சடங்கு மட்டும் தொடர்ந்தது. ஓதுகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. உச்சரிப்பு உருமாறி விட்டது. ஆனாலும் தோழியை எழுப்பிய தமிழ்ப் பெண்களின் பெயர் அங்கே இருக்கிறது.

உப்பு அளவுதான்

திருக்குறளின் கடைசி அதிகாரம் எது தெரியுமா? 133-வது அதிகாரம், ஊடல் உவகை. அதற்கு முந்திய அதிகாரங்களிலும் ஊடல் பேச்சுதான். ஊடல் என்பது சாப்பாட்டில் உப்பு மாதிரி, அளவோடு இருக்க வேண்டும், நீள விட்டால் உப்புக் கரித்துப் போகும் என்பது வள்ளுவர் கணக்கு.

இன்று எத்தனை வீட்டில், எத்தனை நட்பில், உப்பு கரித்துப் போய்க் கிடக்கிறது! ஒரு டீக்காசுத் தகராறில் பத்து வருஷம் பேசாமல் இருக்கிறார்கள். ஒரே ரயிலில் ஒரே பெட்டியில் வந்தவர்கள் பெட்டி மாறி ஏறுகிறார்கள். பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக் கொண்டு வியாபாரம் செய்கிறார்கள். செல்போனில் ‘குட்மார்னிங்’ அனுப்பிக் கொண்டிருந்தவர் ஒரு வார்த்தைக்குக் கோபித்துக் கொண்டு காணாமல் போகிறார். ‘போனால் போகட்டும்’ என்று மற்றவர்கள் இருந்து விடுகிறார்கள்.

அடி அண்ணாமலைப் பெண்கள் ‘போனால் போகட்டும்’ என்று சொல்லவில்லை. திட்டினார்கள், கேலி செய்தார்கள், குத்திக் காட்டினார்கள். ஆனால் வாசலை விட்டு நகரவில்லை. தூங்கினவளும் கோபித்துக் கொண்டவளும் எழுந்து வருகிற வரைக்கும் பனியில் நின்றார்கள்.

இன்றைக்கும் திருவாதிரைக்கு முந்திய பத்து நாளும் சிவன் கோயில்களில் திருவெம்பாவைக்கு உரிய நாட்கள். அடி அண்ணாமலை மாணிக்கவாசகர் கோயிலிலும் அந்தப் பாட்டு கேட்கும். கேட்கிறவர்கள் சாமி பாட்டு என்று கன்னத்தில் போட்டுக் கொள்கிறார்கள். நியாயம்தான். கூடவே, பேச்சு நின்று போன ஒரு சிநேகிதர் வீட்டுக் கதவையும் நினைத்துப் பார்க்கலாம்.

அவரும் உள்ளே விழித்துக் கொண்டுதான் படுத்திருப்பார். “எல்லாரும் வந்தாச்சா?” என்று கேட்பதற்கு, வாசலில் ஒரு குரல் வேண்டும். அவ்வளவுதான்!